பாட்டில் கியர் தேடுபவர்

திரைப்பாடலில் கதாநாயகன் காரோட்டும் காட்சி வந்ததும், பாட்டை விட்டு, பாடுகிறவனின் முகத்தை விட்டு, அவனருகே காற்றில் கூந்தல் பறக்க அமர்ந்திருப்பவளையும் விட்டு, ஸ்டியரிங்கின் மேல் இருக்கும் கையை மட்டுமே உற்றுநோக்கும் மனிதர், உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய வாடகைக் கார் நிறுத்தத்தில் எந்தக் காலத்திலும் ஒருவராவது இருப்பார். அம்பாசிடரில் தொழில் கற்று, சுமோவில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, இப்போது டிசையருக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். எலுமிச்சம்பழம் கட்டுவது, வேகத்தடையை அரசியல்வாதியின் பெயர் சொல்லித் திட்டுவது, எந்த ஊரைக் கேட்டாலும் அங்கே தமக்கு ஒரு சம்பந்தி உண்டு என்பது முதலான மற்ற இயல்புகள் எல்லா ஓட்டுநர்க்கும் பொதுவாதலின் அவற்றை விரிக்க வேண்டுவதில்லை. அவரைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு வாக்கியம், பல்லவி இரண்டாம் முறை திரும்புவதற்குள் அது வந்துவிடும்: “கியர் போட்டானா பாருங்க சார்.”

அவருடைய கோட்பாடு முழுவதும் இடது கையைப் பற்றியது. வலப்பக்கம் அமர்ந்து ஓட்டும் நம் நாட்டு முறைப்படி கியர்க் கம்பி ஓட்டுநரின் இடது கைக்கே உரியது. பழைய அம்பாசிடரில் அது தரையிலிருந்து எழாமல் ஸ்டியரிங்குக்குக் கீழேயே நீட்டிக்கொண்டிருக்கும் என்றாலும், அதைத் தள்ளுவதும் இழுப்பதும் அங்கேயும் இடது கையின் வேலைதான். திரைப்படத்திலோ கதாநாயகி அமர்வதும் அதே இடப்பக்கம். ஆகவே பல்லவி முடிவதற்குள் அந்தக் கை அவள் தோளைச் சுற்றிவிடுகிறது. முதற்சரணத்தில் கன்னத்துக்குப் போகிறது. இடையிசையில், வயலின்கள் எழும்பும் நேரத்தில், அவள் தலைமுடியை ஒதுக்குகிறது. அப்போது மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கும் வண்டி எந்தக் கியரில் ஏறுகிறது, கொண்டையூசி வளைவில் அதை இரண்டாவது கியருக்கு இறக்கியது யார், கிளட்சை மிதித்த கால் எங்கே என்று அவர் கேட்கத் தொடங்குகிறார். கேள்விகள் ஒருவரையும் நோக்கியவை அல்ல, ஆயினும் பின்னிருக்கையில் உள்ளவர்கள் பதில் சொல்லும்வரை அவர் விடமாட்டார். “இல்லண்ணே, போடல” என்று யாராவது ஒருவர் ஒப்புக்கொண்டால்தான் இரண்டாம் சரணத்துக்கு அனுமதி கிடைக்கும்; அதற்குள் இரண்டாம் சரணம் முடிந்திருக்கும்.

அவருடைய கேள்விகளுக்குத் திரைத்தொழில் தரும் விடை எளியது: கார் ஓடவே இல்லை. கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில் பல்லாண்டுகள் கையாளப்பட்ட முறை, காரைத் தளத்தில் நிறுத்தி, அதன் பின்னால் ஒரு திரை கட்டி, முன்னரே படமெடுத்துவந்த சாலையை அத்திரையின் மேல் பின்புறமிருந்து ஒளியாகப் பாய்ச்சி, முன்னால் கேமராவை வைத்து இரண்டையும் ஒருசேரப் பதிவு செய்வதாகும். இதற்குப் பேக் புரொஜெக்‌ஷன் என்று பெயர். கூந்தலைப் பறக்கவிட மின்விசிறியும், வண்டி குலுங்குவதற்குப் பக்கவாட்டில் நின்று அசைக்க ஆட்களும் இருந்தால் போதும், சாலைப் பயணம் தயார். குறை எங்கே தெரியும் என்றால், பின்கண்ணாடிக்கு அப்பால் சாலை நேராக ஓடிக்கொண்டிருக்கும்போது கதாநாயகன் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஓயாமல் ஆட்டிக்கொண்டிருப்பதிலும், சாலை வளையும்போது அவன் அதை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பதிலும் தெரியும். நம் மனிதர் இக்கலைச்சொல்லை அறியார். “பின்னாடி படம் ஓட்டுறது” என்பார். ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் கண் அவருக்கு எவருடைய போதனையும் இன்றி வாய்த்திருக்கிறது. இக்காலத்தில் காரைத் தாழ்வான இழுவண்டி ஒன்றின் மேலேற்றி, உண்மைச் சாலையிலேயே இழுத்துச் சென்று படமெடுக்கும் வழக்கம் வந்தபின்னரும் அவரை ஏமாற்ற இயலவில்லை. பக்கத்தில் கடந்துபோகும் லாரிக்காரனின் முகம் கதாநாயகனின் முகத்துக்கு நேராகத் தெரிந்தால் அந்தக் கார் தரையில் இல்லை என்பது அவர் கண்டறிந்த விதி. அது சரியான விதியும்கூட.

இந்தக் கண்ணோடு அவர் தமிழ்த் திரையின் அரைநூற்றாண்டைத் தணிக்கை செய்து முடித்திருக்கிறார். ‘அன்பே வா’ (1966) படத்தில் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் ரதத்தில் பாடும் பாட்டைக்கூட அவர் விடவில்லை. குதிரைகள் அத்தனை வேகமாகப் பாயும்போது கடிவாளம் யார் கையில் என்பது அவர் ஆட்சேபம், ரதத்துக்குக் கியர் இல்லை என்பதை மட்டும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்வார். ‘நான்’ (1967) படத்தில் ரவிச்சந்திரனும் ஜெயலலிதாவும் சிறியதொரு காருக்குள் நெருங்கி அமர்ந்து பாடும் பாட்டு அவரிடம் முழு மதிப்பெண் வாங்கிய மிகச் சிலவற்றுள் ஒன்று. அங்கே கேள்வியே கார் போதுமா என்பதைப் பற்றியதாகையால், ஓட்டுவதைப் பற்றி ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பது காரணம். ‘பாட்ஷா’ (1995) படத்தின் ஆட்டோக்காரன் பாட்டையும் அவர் மதிக்கிறார். ஆயுதபூசையன்று ஆட்டோ நிறுத்தங்களில் ஒலிபெருக்கி கட்டி அதைப் போடாத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. ஆனால் அவர் மதிப்பது ரஜினிகாந்துக்காகவோ எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்காகவோ அன்று, பூசைக்காக நிறுத்திய வண்டியில் யாரும் தப்பாகக் கியர் போட முடியாது என்பதற்காக.

வாடகைக்கு எடுத்தவர்களுக்கு உண்மையான இடர், இந்த ஆராய்ச்சி ஓடும் வண்டியில் நடைபெறுகிறது என்பதே. முகூர்த்தப் புடவை எடுக்க உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் குடும்பம் ஒன்று, திருப்புலிவனம் தாண்டி மாகறல் வருவதற்குள், டாஷ்போர்டில் பதித்த திரையில் அரை டசன் பாட்டின் தொடக்கங்களைக் காண்கிறது; ஒன்றின் முடிவையும் காண்பதில்லை. பென்டிரைவில் உள்ளவை எல்லாம் காரோட்டும் பாட்டுகளே. “அவ மூஞ்சிய பாத்துக்கினே ஓட்டுறான் பாருங்க, ரோட்ட பாக்குறானா?” என்று அவர் கதாநாயகனைக் கண்டிக்கும்போது, அக்கண்டனத்தைப் பின்னிருக்கை முழுவதும் உணரவேண்டும் என்பதற்காகத் தாமும் முழுவதுமாகத் திரும்பிப் பின்னால் பார்க்கிறார். அப்போது எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வருகிறது. மணப்பெண்ணின் தாய் “அண்ணே, வண்டி” என்கிறார், அவர் அவசரமின்றித் திரும்பி, டிராக்டரை விரற்கடை இடைவெளியில் ஒதுக்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்: “நாம ரோட்டுல ஓட்டுறவங்க மா. அவன் ஸ்டுடியோல ஓட்டுறவன்.” கதாநாயகனின் இடது கை கியரில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டுவது அவருடைய இடது கை, அது அப்போது கியரிலும் இல்லை, ஸ்டியரிங்கிலும் இல்லை, திரைமீது இருக்கிறது. இம்முரண்பாட்டை எந்தப் பயணியும் அவரிடம் எடுத்துரைத்ததாகத் தெரியவில்லை. எடுத்துரைக்க முற்பட்டால் அவர் மறுபடியும் திரும்பிப் பார்ப்பார் என்ற அச்சமே காரணமாகலாம்.

உத்திரமேரூரின் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது நிருவாகக் குழுக்களுக்கு, ஆள் தேரும் குடவோலை முறையை விளக்குவதும், முப்பத்தைந்துக்குக் குறைந்தோரும் எழுபதைக் கடந்தோரும் கூடாது, வாரியம் செய்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் கூடாது என்று விலக்குகளை நீளமாக அடுக்குவதும் உலகறிந்தவை. அத்தனை நுணுக்கமாகச் சிந்தித்த சபையார், பிறர் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்திக் குறைசொல்வோரையும் அப்பட்டியலில் சேர்த்திருந்தால், வாரியத்துக்கு இல்லாவிட்டாலும் வாடகைக் காருக்காவது பின்னாளில் ஒரு முன்னுதாரணமாக இருந்திருக்கும்.

அவர் தேடுவது தமிழ்ப் பாட்டில் ஏன் கிடைப்பதில்லை என்பது சற்று நின்று எண்ணத்தக்கது. அமெரிக்காவில் சக் பெர்ரி 1955-இல் பாடிய ‘மேபலின்’ ஒரு ஃபோர்டு காரும் ஒரு கடிலாக்கும் ஒன்றையொன்று துரத்துவதை வண்டியின் பெயரும் எந்திரத்தின் வகையும் சொல்லிப் பாடுகிறது. ஜெர்மானிய இசைக்குழுவான கிராஃப்ட்வெர்க் 1974-இல் தன் நாட்டு விரைவுச்சாலையைப் பற்றி இருபத்திரண்டு நிமிடத்துக்கும் மேலாக ஓடும் பாட்டொன்றையே அமைத்தது. அங்கே பாடுபவனிடமும் கேட்பவனிடமும் கார் இருந்தது. தமிழ்நாட்டில் 1960களில் உள்நாட்டுக் கார் என்றால் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசிடர், இத்தாலிய வழிவந்த ஃபியட், சென்னைப் புறநகரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றே. அவையும் பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருப்போர்க்கே கிடைத்தன. திரையில் ஓடிய திறந்த கூரை வெளிநாட்டுக் காரோ பார்வையாளனின் தெருவுக்கே வராத பொருள். ஆகையால் கவிஞர்கள் நன்கறிந்த மாட்டுவண்டிக்கும் ஓடத்துக்கும் பாட்டில் இடம் கிடைத்ததுபோல் காருக்குக் கிடைக்கவில்லை. பாட்டின் சொற்களில் நிலவும் மலரும் இருக்க, கார் படத்தில் மட்டும் இருந்தது. அது வண்டியாக அன்று, இருவர் தனித்து அமர்வதற்குச் சமூகம் ஒப்புக்கொண்ட இருக்கையாகவே இருந்தது. இருக்கைக்குக் கியர் எதற்கு? இவ்விளக்கம் நம் மனிதரிடம் செல்லாது. அவர் காருக்குள் ஏறியது அமர்வதற்காக அன்று, ஓட்டுவதற்காக.

அவருடைய கடுமை தளரும் இடங்களும் உண்டு. மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தில், யேசுதாஸ் குரலில், சரத்பாபு மலைச்சாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டிச்செல்லும் பாட்டு வந்தால் அவர் கண்டனத்தை நிறுத்தி ஒலியைக் கூட்டுகிறார். உண்மை மலை, உண்மைச் சாலை, உண்மை ஜீப். பாலுமகேந்திராவின் கேமராவும் வண்டியோடு போகிறது. அப்பாட்டைச் சார்ந்த படப்பிடிப்புக்கு மேலும் செலவிடத் தயாரிப்பாளர் மறுத்தபோது, படத்தில் இல்லாத கமல்ஹாசன் பணம் தந்து உதவினார் என்பதை மகேந்திரனே நன்றியோடு சொல்லியிருக்கிறார். இச்செய்தியை யாரோ ஒரு பயணி சொல்லக் கேட்ட நாள்முதல் அவர் கமல்ஹாசனைப் பற்றிப் பேசும்போது நடிப்பைக் குறிப்பிடுவதில்லை, “ஜீப்புக்கு எண்ண போட்ட மனுசன்” என்றே குறிப்பிடுகிறார். ‘படிக்காதவன்’ (1985) வேறு வகையில் அவரைத் தொடுகிறது. அதில் டாக்சி ஓட்டுநரான ரஜினிகாந்த் தம் பழைய வண்டியை லட்சுமி என்று பெயரிட்டு அழைத்துக் கெஞ்சியும் கொஞ்சியும் கிளப்புவார். நம் மனிதரின் முதல் அம்பாசிடருக்கும் அதே பெயர்தான். படத்தைப் பார்த்துத்தான் வைத்தார் என்று நிறுத்தத்தில் உள்ளவர்கள் சொல்வதை அவர் ஏற்பதில்லை. மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 2014-இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றபோது அவருடைய லட்சுமி எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தது. எனினும் அச்செய்தி வந்த நாளில் அவர் சவாரி எடுக்கவில்லை.

அவர் அடைந்த பேரதிர்ச்சி ஓர் இந்திப் படத்தால் நேர்ந்தது. ‘ஆராதனா’ (1969) படத்தில் டார்ஜிலிங் மலை ரயிலில் ஷர்மிளா தாகூர் சன்னலோரம் அமர்ந்திருக்க, இணையாக ஓடும் திறந்த ஜீப்பிலிருந்து ராஜேஷ் கன்னா அவரை நோக்கிப் பாடும் பாட்டை, வண்டியும் சாலையும் மெய்யாகவே ஓடுகின்றன என்பதால், அவர் நெடுங்காலம் உயர்வாக வைத்திருந்தார். ஷர்மிளா தாகூர் அப்போது சத்யஜித் ரே படத்தில் நடிக்கப் போயிருந்ததால், அவர் சன்னலில் இருக்கும் பகுதிகள் பின்னர் ஸ்டுடியோவில் தனியே எடுக்கப்பட்டவை என்று அறிந்தபோது நம் மனிதர் நிலைகுலைந்தார். ஜீப் உண்டு, ரயில் உண்டு, ரயிலில் ஆள் இல்லை. “வெறும் ரயிலப் பாத்தா பாடிக்கினு போனான்?” என்ற கேள்வியை அவர் கேட்காத சவாரி அதன்பின் இல்லை, சாவுக்குப் போகும் சவாரியிலும் கேட்டிருக்கிறார்.

லிங்குசாமியின் ‘பையா’ (2010) அவருக்கு இரட்டை நெருக்கடி. அதன் பாடல்களை எழுதிய நா. முத்துக்குமார் காஞ்சிபுரத்தை அடுத்த கன்னிகாபுரத்துக்காரர். இரு தேசிய விருதுகள் பெற்று, 2016-இல் நாற்பத்தோரு வயதில் மறைந்தவர். “நம்ம பக்கத்துப் பையன்” என்ற முறையில் பாட்டைக் குறைசொல்ல அவருக்கு வாய் எழாது. ஆனால் கதை பெங்களூரிலிருந்து மும்பைக்குக் காரிலேயே நிகழ்வது; கதாநாயகி, கதாநாயகனான கார்த்தியை வாடகைக் கார் ஓட்டுநர் என்று தவறாக எண்ணி ஏறிக்கொள்ள, அவரும் மறுக்காமல் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிச்செல்கிறார். இங்கே நம் மனிதரின் ஆராய்ச்சி கியரைக் கடந்து பொருளாதாரத்துக்குள் நுழைகிறது. டோல் யார் கட்டியது, இரவுத் தங்கலுக்குப் பேட்டா (ஓட்டுநருக்கு நாளுக்கு இவ்வளவு என்று சாப்பாட்டுக்காகவும் இரவு விழிப்புக்காகவும் தரும் படி) யார் கொடுத்தது, திரும்பி வரும்போது காலியாக வந்தால் ஒருவழி வாடகையா இருவழி வாடகையா என்று அவர் அடுக்குகிறார். காதலுக்காக ஓட்டினான் என்ற சமாதானத்தை அவர் ஏற்பதில்லை. ஓசியில் ஓட்டுபவனால்தான் நிறுத்தத்தில் உள்ளவர்களின் வாடகை இறங்குகிறது என்பது அவர் கருத்து.

அவரை மறுத்துப் பேசியவர்கள் ஒரே வகையினர். 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனம் கார் செய்கிறது. பின்னர் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் எழுந்தன. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து இளைஞர்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறி அங்கே ஷிப்டுக்குப் போய்வருகிறார்கள். நாள்முழுதும் கார் பூட்டிவிட்டு வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும் அவர்களில் ஒருவன் உறவினர் கல்யாணத்துக்காகப் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும்போது, “ஸ்டியரிங்க ஆட்டவே இல்ல பாரு” என்று வழக்கமான குற்றச்சாட்டு எழுகிறது. “பவர் ஸ்டியரிங் பெரிப்பா, ரொம்ப ஆட்ட வேணாம். பழைய வண்டிதான் பிளே இருக்கும், ஆட்டிக்கினே இருக்கணும்” என்கிறான் அவன். பிளே என்பது தேய்ந்த ஸ்டியரிங் அமைப்பில் சக்கரம் திரும்புவதற்குமுன் கையில் வீணாகப் போகும் தளர்ச்சி; அது மிகுந்த வண்டியை நேர்ச்சாலையில் ஓட்டவும் இடமும் வலமும் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். அப்படியாயின் நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை ஓயாமல் ஆட்டிய அறுபதுகளின் கதாநாயகர்கள் அனைவரும், தேய்ந்த வண்டி என்று வைத்துக்கொண்டால், நியாயமாகவே ஓட்டியிருக்கிறார்கள். லட்சுமியையும் அவர் இருபதாண்டுகள் அப்படித்தான் ஓட்டினார். சிறிது நேரம் வண்டியில் பாட்டு மட்டும் கேட்டது. பிறகு அவர், “அது கம்பெனில. ரோடு வேற” என்று வழக்கை முடித்துவைத்தார்.

அவரைப் பற்றிய புகார்களில் நள்ளிரவுப் பிரசவத்துக்கு அழைத்தால் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்துவிடுகிறார் என்பதையும், அந்தச் சவாரிகளில் பாட்டே போடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆயினும் பகல் சவாரிக்குப் பணம் தருகிறவர்களுக்கும் ஒரு பாட்டை முழுமையாகக் கேட்கும் உரிமை உண்டு. கவிஞர் எழுதிய மூன்றாம் சரணம் எந்தக் கியரில் ஓடினாலும் சரணமே. ஒரு குடும்பம் தனக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டால், “அதுல கார் இல்லையே” என்று மறுப்பது சேவை அன்று. ஓடும் வண்டியில் ஓட்டுநரின் கண்முன் படம் ஓடக்கூடாது என்பதும் வேடிக்கைக்குரிய செய்தி அன்று. அந்த டிராக்டர் ஒவ்வொரு முறையும் விரற்கடை இடம் விடும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

இதை அவரிடம் தக்க மரியாதையோடு எடுத்துச்சொன்ன குடும்பங்களும் உண்டு, அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நியாயம் என்றார். அதன்பின் முக்கியமான பாட்டு வரும்போதெல்லாம் இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரங்கட்டி, புளியமர நிழலில் நிறுத்தி, கைபிரேக்கும் இழுத்துவிட்டு, பயணிகளை நோக்கி முழுவதுமாகத் திரும்பி அமர்ந்து, தொடக்கத்திலிருந்து விளக்குகிறார். காஞ்சிபுரத்தில் இறங்கும்போது தரும் கணக்கில் அந்த நேரம் வெயிட்டிங் சார்ஜ் என்ற தலைப்பில் தனியே எழுதப்பட்டிருக்கும்.